சோதனைச்சாவடியும் சமையலறை மேசையும்

1

ஜெபம் பற்றிக் கட்டுரை எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் சிரித்தார். “என்ன தோழர், வயசாயிருச்சா?” என்றார். சிரித்ததில் தப்பில்லை. நம் வட்டாரங்களில் மதம் குறித்துப் பேச இரண்டு வழிகள்தான் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, அபினி என்று சொல்லி ஒதுக்கிவிடுவது. மற்றது, விடுதலை இறையியலிலிருந்து நமக்கு வேண்டிய அரசியலை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வாசலிலேயே விட்டுவிடுவது. முதல் தரப்புக்கு ஜெபம் என்பது ஏமாற்று. இரண்டாம் தரப்புக்கு அது ஒரு சங்கடம். இரண்டு தரப்பும் அதைப் படிக்கத்தக்க ஒரு செயல்பாடாக எடுத்துக்கொள்வதில்லை.

நான் ஜெபவீட்டில் வளர்ந்தவன். இருபது வயதில் அதைவிட்டு வெளியேறி இயக்கத்துக்கு வந்தவன். திரும்பிப் போய் முழங்கால் போடப்போவதாக இந்தக் கட்டுரையை யாரும் வாசிக்க வேண்டாம். எனக்கு இருப்பது ஒரு கேள்விதான். கிறிஸ்தவ வாழ்க்கையில் ‘சோதனையை ஜெயிப்பது, அதற்காக ஜெபிப்பது’ என்று சொல்கிறார்களே, அதில் சோதிக்கப்படுவது யார்? எதைக் கொண்டு? அதை ‘சோதனை’ என்று பெயரிடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

சொல்லிலிருந்தே தொடங்கலாம். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இருப்பது ‘பெய்ராஸ்மோஸ்’. தீமைக்குத் தூண்டுவது, பரீட்சித்துப் பார்ப்பது என்ற இரண்டு பொருளும் அதற்கு உண்டு. ஆங்கிலம் இதை இரண்டு சொல்லாகப் பிரித்துக்கொண்டது. தமிழ் பிரிக்கவில்லை. நமக்கு எல்லாமே சோதனைதான். மனம் சபலப்படுவதும் சோதனை, பிள்ளை செத்துப்போவதும் சோதனை. காந்தி வாழ்க்கையை எழுதினால் ‘சத்திய சோதனை.’ போலீஸ் வீடு புகுந்தால் சோதனை. ஊர் எல்லையில் லாரியை நிறுத்தினால் சோதனைச்சாவடி.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு விலை உண்டு. எங்கள் தெருவில் ஓர் அக்கா இருந்தார். புருஷன் குடித்துவிட்டு வந்து அடிப்பான். போதகரிடம் போய்ச் சொன்னார். “கர்த்தர் உன்னைச் சோதிக்கிறாரம்மா, பொறுத்துக்கோ, ஜெபி” என்று பதில் வந்தது. இங்கே என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். குடிக்கிறவனுக்கு வந்திருப்பது தூண்டுதல். அடிவாங்குகிறவளுக்கு வந்திருப்பது வன்முறை. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு மூடியாயிற்று. மூடியபிறகு ஜெபிக்க வேண்டியவள் அவள். மாற வேண்டியவளும் அவள்தான். அவன் அவளுடைய ஆத்தும வளர்ச்சிக்குக் கடவுள் பயன்படுத்தும் கருவியாகிவிட்டான்.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமல்ல. கர்த்தர் கற்பித்த ஜெபத்தின் தமிழ் வடிவத்தை முணுமுணுத்துப் பார்த்தால் சோதனை பற்றிய வரியில் வினை பிறவினையாக இருப்பது தெரியும். அதாவது, சோதனைக்குள் நம்மைச் செலுத்துபவர் கடவுளே என்ற தொனி. யாக்கோபின் நிருபம் இதை நேராகவே மறுக்கிறது: கடவுள் ஒருவரையும் தீமைக்குத் தூண்டுவதில்லை. பிரெஞ்சு கத்தோலிக்கத் திருச்சபை 2017 டிசம்பரில் இந்த வரியை மாற்றியது. அதே மாதம் போப் பிரான்சிஸ் இத்தாலியத் தொலைக்காட்சியில் பழைய மொழிபெயர்ப்பு சரியில்லை என்றார். பிள்ளையைத் தள்ளிவிட்டு எப்படி விழுகிறான் என்று பார்ப்பவர் தகப்பன் அல்ல என்பது அவர் வாதத்தின் சாரம். இத்தாலிய வழிபாட்டிலும் 2020 நவம்பர் இறுதியில் மாற்றம் வந்தது. ஒரு வினைச்சொல்லுக்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கேட்கலாம். அந்த அக்காவை நினைத்துக்கொண்டால் போக வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

2

சோதனை பற்றிய கிறிஸ்தவப் பேச்சுக்கு மூலப்பிரதி வனாந்தரக் கதை. மாற்கு அதை இரண்டே வசனத்தில் முடித்துவிடுகிறார். மத்தேயுவும் லூக்காவும் விரித்துச் சொல்கிறார்கள். நாற்பது நாள் பட்டினி, மூன்று தூண்டுதல்கள். கல்லை அப்பமாக்கு. ஆலயத்து உச்சியிலிருந்து குதி. என்னை வணங்கு, உலகத்தின் ராஜ்யங்கள் உனக்கு. கடைசி இரண்டின் வரிசையை லூக்கா மாற்றி வைத்திருக்கிறார்.

ஞாயிறுப் பள்ளியில் இந்தக் கதையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சினிமா பார்க்காதே, பெண்ணைப் பார்க்காதே, சிகரெட் தொடாதே என்றுதான் அது முடியும். வளர்ந்து பிரதியை வாசித்தபோது ஒன்று உறைத்தது. இதில் சினிமாவும் இல்லை, பெண்ணும் இல்லை, மதுவும் இல்லை. மூன்றில் ஒன்றுகூட நாம் ‘உடல் இச்சை’ என்று சொல்கிற வகை இல்லை. பசி ஒன்று இருக்கிறது. ஆனால் பசி பாவம் என்று பிரதி சொல்லவில்லை. அப்பமும் பாவமில்லை. இதே மனிதர் பின்னால் ஐயாயிரம் பேருக்கு அப்பம் பங்கிடுகிறார்.

அப்படியானால் எது தூண்டுதல்? முதல் இரண்டு தூண்டுதல்களும் ‘நீ தேவகுமாரனானால்’ என்ற நிபந்தனையோடுதான் தொடங்குகின்றன. நிரூபித்துக் காட்டு என்பதுதான் வலை. அப்பத்தைக் கொண்டு நிரூபி, அற்புதத்தைக் கொண்டு நிரூபி. மூன்றாவதில் அந்த நிபந்தனையும் கழன்றுபோய் நேரடி பேரம் வந்துவிடுகிறது. ஆட்சியைக் கையில் எடுத்தால் எவ்வளவு நல்லது செய்யலாம்! இது கெட்டவனுக்கு வருகிற தூண்டுதலே அல்ல. நல்லது செய்யப் புறப்பட்டவனுக்கு, புறப்படுகிற அன்றைக்கே வருகிற தூண்டுதல். ஞானஸ்நானம் முடிந்து ஊழியம் தொடங்குவதற்கு இடைப்பட்ட நேரத்தில் அது வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று. இயேசு சொல்லும் மூன்று பதில்களும் உபாகமத்திலிருந்து எடுத்தவை. உபாகமம், எகிப்தில் அடிமையாயிருந்து வெளியேறிய ஒரு கூட்டம் வனாந்தரத்தில் நாற்பது வருஷம் அலைந்ததைத் திரும்பிப் பார்க்கும் புத்தகம். விடுதலையான அடிமைகளுக்கு என்ன தூண்டுதல் வந்ததோ, அதே தூண்டுதலின் மறுநடிப்பாக இந்தக் காட்சியைக் கட்டியிருக்கிறார்கள் சுவிசேஷகர்கள். ஆக இது ஒரு தனிமனித ஒழுக்கக் கதை இல்லை. விடுதலைக்குப் பின் என்ன செய்வது என்ற கேள்வி.

பிசாசும் வேதம் சொல்கிறான். 91ஆம் சங்கீதத்திலிருந்து. நம் கிறிஸ்தவ வீடுகளில் பாதுகாப்புக்காகப் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைக்கிற, நிலைவாசலில் சட்டம்போட்டு மாட்டுகிற அதே சங்கீதம். அந்தச் சங்கீதம் தப்பு என்று பிரதி சொல்லவில்லை. வாக்குறுதியை எடுத்து மேலேயிருந்து குதிக்கும் வித்தைக்கு உத்தரவாதச் சீட்டாக்குவதைத்தான் மறுக்கிறது. அற்புத விளம்பரச் சுவரொட்டிகளுக்கு முன்னால் நின்று யோசிக்க வேண்டிய விஷயம் இது.

தஸ்தயேவ்ஸ்கி இதைச் சரியாகப் பிடித்தார். 1880இல் முடிந்த ‘கரமசோவ் சகோதரர்க’ளில் வரும் விசாரணை அதிகாரி, திரும்பி வந்த கிறிஸ்துவைச் சிறையில் வைத்துக் குற்றம் சாட்டுகிறார். நீ மறுத்த மூன்றையும் நாங்கள் ஏற்றுக்கொண்டோம், ஜனங்களுடைய நன்மைக்காகத்தான் ஏற்றுக்கொண்டோம் என்பது அவர் வாதம். அவர் பாசாங்குக்காரர் இல்லை. மனிதர்கள்மேல் அவருக்கு ஒருவகை இரக்கம்கூட இருக்கிறது. அதனால்தான் அந்த அத்தியாயம் இன்றும் நம்மைத் தொந்தரவு செய்கிறது. கட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து அதைப் படித்தபோது எனக்குத் திருச்சபை ஞாபகம் வரவில்லை.

3

ஆட்சி, அப்பம், அற்புதம் என்று இருந்த சோதனை எப்படி இச்சையாகச் சுருங்கியது? இதற்குப் பாலைவனத் துறவிகள்தான் காரணம் என்று சொல்வது வழக்கம். அவ்வளவு எளிதாக முடித்துவிட முடியாது.

எவாகிரியுஸ் என்றொருவர். கருங்கடல் ஓரத்துப் பொந்துஸ் பகுதிக்காரர், நான்காம் நூற்றாண்டு. கான்ஸ்டாண்டிநோபிளில் பேர்பெற்ற திருத்தொண்டராக இருந்தார். பெரிய இடத்து மணமான பெண் ஒருவர்மேல் காதல் கொண்டு, அதற்கு அஞ்சி ஓடி, எருசலேம் வழியாக எகிப்தின் பாலைவனத்துக்கு வந்து சேர்ந்தார். 399இல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். மனிதனை அலைக்கழிக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்தவர் இவர்: பெருந்தீனி, காமம், பணஆசை, துயரம், கோபம், அகீடியா, வீண்பெருமை, அகந்தை.

அகீடியா என்பதைச் சோம்பல் என்று மொழிபெயர்ப்பது தவறு. நண்பகல் பிசாசு என்பார்கள். சூரியன் நகரவே நகராது என்று தோன்றும். இருக்கிற இடம் பிடிக்காது, செய்கிற வேலை அர்த்தமற்றுத் தெரியும், கூட இருக்கிறவர்களிடம் அன்பு வற்றிப்போனதாகப் படும், வேறு ஊரில் வேறு வேலையில் எல்லாம் சரியாகிவிடும் போலிருக்கும். இருபது வருஷம் இயக்க வேலை செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், இந்தப் பிசாசை நன்றாகவே தெரிந்து வைத்திருப்பார்கள். வீண்பெருமை இன்னும் நுட்பமானது. மற்ற எண்ணங்களை ஜெயித்ததையே சாப்பிட்டு வளர்வது அது. உபவாசம் இருந்தேன் என்ற நினைப்பிலும் முளைக்கும். ரகசியமாக இருந்தேன் என்ற நினைப்பிலும் முளைக்கும்.

இந்தத் துறவிகளிடம் ஜெபம் என்பது வேண்டுதல் பட்டியல் இல்லை. வருகிற எண்ணத்தைப் பார்ப்பது, எங்கிருந்து வருகிறது என்று விசாரிப்பது, அதற்குப் பதில் பேசுவது. எவாகிரியுஸ் இப்படிப் பதில் பேசுவதற்கென்றே எட்டு எண்ணங்களுக்கும் எட்டுப் பகுதிகளாக வேத வசனங்களைத் தொகுத்து ஒரு புத்தகம் செய்திருக்கிறார். எண்ணம் வருவது நம் கையில் இல்லை, அதைத் தங்கவிடுவதும் விடாததும் நம் கையில் என்பது அவர் நிலைப்பாடு. எண்ணம் வந்ததே பாவம் என்று குமைந்து சாகும் நம்மூர் இளைஞர்களுக்கு இதைச் சொல்லித்தர ஆள் இல்லை.

ஆனால் இந்த நுட்பம் மடத்துக்குள் போனபோது வேறு ஒன்றானது. எவாகிரியுஸின் வகைப்பாட்டை லத்தீன் உலகுக்குக் கொண்டுபோனவர் யோவான் காசியான். அவரைப் பற்றி ஃபூக்கோ 1982இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் இறந்து 34 ஆண்டுகள் கழித்து, 2018இல் வெளிவந்த ‘பாலியல்பின் வரலாறு’ நான்காம் தொகுதியிலும் இந்த விசாரணை நீள்கிறது. அவர் காட்டுவது இது: தன் எண்ணங்களை ஓயாமல் கண்காணிப்பது, அவற்றை மூத்தவரிடம் ஒன்றுவிடாமல் வாய்விட்டுச் சொல்வது, சொல்லிக் கீழ்ப்படிவது. இந்த மூன்றும் சேர்ந்து ஒரு புதிய சுயத்தை உற்பத்தி செய்கின்றன. உண்மை என் உள்ளே ஒளிந்திருக்கிறது, அதைத் தோண்டி இன்னொருவர் முன் வைக்க வேண்டும் என்று நம்பும் சுயம். மேய்ப்பனின் அதிகாரம் இந்தச் சுயத்தின்மேல்தான் நிற்கிறது. பின்னால் ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் போப் கிரகோரி எட்டை மாற்றி ஏழாக அமைத்தார். எண்ணங்கள் ‘பாவங்கள்’ ஆயின. மருத்துவக் குறிப்பு குற்றப்பட்டியலாக மாறிய இடம் அது என்று நான் வாசிக்கிறேன்.

இதில் தமிழுக்கும் நேரடிப் பங்கு உண்டு. தமிழில் அச்சான முதல் சில புத்தகங்களை முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே பணிசெய்த போர்ச்சுக்கீசிய சேசுசபைத் துறவி அண்ட்ரிக் அடிகளார் செய்தார். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்.’ 1579இல் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்.’ 1580இல் ‘கொம்பெசியொனாயரு.’ அந்த மூன்றாவது புத்தகம், பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு. கட்டளை கட்டளையாகக் கேள்வி கேட்டுப் பாவத்தை வெளியே எடுப்பது இவ்வகை நூல்களின் வழக்கம். தமிழ் அச்சின் வரலாற்றை நாம் அறிவொளி, நவீனத்துவம் என்று எழுதிப் பழகிவிட்டோம். அதன் தொடக்கத்திலேயே மனத்தைச் சோதனைபோடும் ஒரு கேள்விப் பட்டியலும் அச்சேறியிருக்கிறது.

4

பட்டியல் என்று ஒன்று இருந்தால் அதில் எது இல்லை என்று பார்ப்பது நமது வேலை.

நான் கேட்டு வளர்ந்த பிரசங்கங்களில் சோதனைப் பட்டியல் நீளமானது. நகை, சினிமா, பூ, பொட்டு, காதல், நாவல் வாசிப்பது எல்லாம் இருந்தது. சாதி இருந்ததில்லை. சாதியை யாரும் ஆதரித்துப் பேசவில்லை. ஆனால், “ஆண்டவரே, இன்றைக்கு என் சாதிக்காரன் என்பதற்காக ஒருவனுக்குச் சலுகை செய்யத் தூண்டப்பட்டேன், என்னைக் காப்பாற்றும்” என்று ஒருவர்கூட அழுது ஜெபித்து நான் கேட்டதில்லை. பெண் பார்க்கும்போது ‘நம்ம ஜனமா’ என்று விசாரித்த அதே வாய்தான் அன்று இரவு உருகி ஜெபித்தது. அங்கே சோதனை நடந்ததாகவே யாருக்கும் தெரியவில்லை. தெரியாத தூண்டுதலை எதிர்க்க எப்படி ஜெபிப்பது?

2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், பாகுபாட்டை எதிர்த்துத் தனிப்பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களுக்கும் வன்னியக் கத்தோலிக்கர்களுக்கும் மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். இரு தரப்பும் ஒரே ஜெபத்தைச் சொல்லி வளர்ந்தவர்கள். சோதனையிலிருந்து காக்கும்படி கேட்கும் வரியும் அதில் உண்டு. அந்த வரி ஏன் அங்கே வேலை செய்யவில்லை என்று கேட்டால், ஜனங்களுக்கு விசுவாசம் குறைவு என்று பதில் வரும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சோதனை என்றால் எது என்று நானூறு வருஷமாக அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பட்டியலில் அது இல்லை.

இங்கே என் வாதத்துக்கு எதிராக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உடல் சார்ந்த தூண்டுதல்களை நான் சில்லறை விஷயமாக்குவதாக யாராவது சொன்னால், அந்த அக்காவே என்னை ஒத்துக்கொள்ள மாட்டார். 2003இலிருந்து தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனை அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அவருக்குப் போக நீதிமன்றம் இல்லை, பிறந்த வீடு இல்லை, நம் அமைப்புகளும் இல்லை. இருந்தது வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டம். ஏழெட்டுப் பெண்கள் பாயில் உட்கார்ந்து, பேர் சொல்லி, சத்தம்போட்டு அழுதார்கள். வேறெங்கும் சத்தமாக அழ அவர்களுக்கு அனுமதி கிடையாது. அதிலிருந்து ஒருத்திக்கொருத்தி கைமாற்றாகக் காசும் கொடுத்தார்கள், ராத்திரி அடைக்கலமும் கொடுத்தார்கள். போதகர் சொன்ன ‘பொறுத்துக்கோ’வை அந்தப் பாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி எழுதியது. நாங்கள் மார்க்சியப் பயிலரங்கு நடத்திக்கொண்டிருந்த அதே தெருவில்தான்.

அந்தப் பாயிலும் ஒன்று பேசப்படவில்லை. குடிக்கத் தூண்டியவன் பிசாசு என்றார்கள். பிசாசுக்குக் கடை உண்டு, கடைக்கு உரிமையாளர் உண்டு, வருமானக் கணக்கு உண்டு என்பது ஜெபத்துக்குள் வரவில்லை. வந்திருந்தால் அது வேறு ஜெபமாக ஆகியிருக்கும்.

5

அப்படி ஆன ஒரு ஜெபத்தைப் பற்றி நமக்கு எழுத்துப் பதிவு இருக்கிறது. அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரம், 1956 ஜனவரி 27, இரவு. முந்தைய டிசம்பரில் ரோசா பார்க்ஸ் கைதானதைத் தொடர்ந்து கறுப்பின மக்கள் நகரப் பேருந்துகளைப் புறக்கணித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குத் தலைவராக இருந்த போதகருக்கு வயது 27. மார்ட்டின் லூதர் கிங். முந்தின நாள்தான், 25 மைல் வேகத்தில் போக வேண்டிய இடத்தில் 30 மைல் வேகத்தில் போனதாகச் சொல்லிப் பிடித்துச் சிறையில் வைத்திருந்தார்கள். அன்று இரவு தொலைபேசியில் கொலை மிரட்டல். மனைவியும் இரண்டு மாதக் குழந்தையும் தூங்குகிறார்கள். இவருக்குத் தூக்கமில்லை. எழுந்து போய்க் காப்பி போட்டுக்கொண்டு சமையலறை மேசையில் உட்காருகிறார்.

இதை 1958இல் வந்த தமது புத்தகத்தில் அவரே எழுதியிருக்கிறார். அவர் அப்போது யோசித்தது, கோழை என்று பேர் வாங்காமல் இதிலிருந்து எப்படி நழுவுவது என்பதுதான். எனக்கு இந்த இடம் முக்கியம். தூண்டுதல் பணத்தின் உருவத்திலோ பெண்ணின் உருவத்திலோ வரவில்லை. கௌரவமாகப் பின்வாங்கும் வழியாக வந்தது. அவர் வாய்விட்டு ஜெபித்தார். நான் செய்வது சரியென்று நம்புகிறேன், ஆனால் பலவீனமாக இருக்கிறேன், பயமாக இருக்கிறது, என்னைப் பார்த்துத்தான் ஜனங்கள் நிற்கிறார்கள், என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை என்கிற பொருளில். ஆபத்தை எடுத்துவிடும் என்று கேட்டதாக அந்தப் பதிவில் இல்லை. நியாயத்துக்காக நில் என்று ஒரு குரல் உள்ளே கேட்டதாகச் சொல்கிறார். குரலை நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. மூன்று நாள் கழித்து, ஜனவரி 30 அன்று, அவர் வீட்டில் குண்டு வெடித்தது. வாசலில் ஆயுதங்களோடு திரண்டு நின்ற தம் ஜனங்களிடம், ஆயுதத்தை வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று அவரால் சொல்ல முடிந்தது. புறக்கணிப்பு 381 நாள் நீடித்து ஜெயித்தது.

இதைப் புனிதர் கதையாக்கக் கூடாது. ஜெபித்த மனிதர் மறுநாளே அகிம்சாவாதியாகிவிடவில்லை. குண்டு வெடித்தபின் துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டது. வீட்டில் துப்பாக்கி இருந்தது. அதை அவர் கைவிட இன்னும் காலம் பிடித்தது. வேறு விஷயங்களில் அவர் சோதனையில் தோற்றவர்தான். திருமணத்துக்கு வெளியே உறவுகள் இருந்தன. அதன் பாரத்தைச் சுமந்தவர் கொரெட்டா. பெரிய போராளி என்பதால் இதை நாம் மென்று விழுங்கிவிடக் கூடாது. அது நம் இயக்கங்களின் பழைய வியாதி.

ஆனால் அந்தத் தோல்வியை யார் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். எஃப்.பி.ஐ. அவருடைய விடுதி அறைகளில் ஒலிவாங்கி வைத்தது. 1964 நவம்பரில், நோபல் பரிசு வாங்கப் போவதற்குச் சில வாரங்களுக்கு முன், அந்த ஒலிநாடாவோடு ஒரு மொட்டைக் கடிதம் அனுப்பியது. உனக்கு ஒரே வழிதான் என்று தற்கொலையை நோக்கித் தள்ளும் கடிதம். 1975–76இல் அமெரிக்க செனட்டின் விசாரணைக் குழு இதையெல்லாம் வெளியே கொண்டுவந்தது. எபிரேயத்தில் ‘சாத்தான்’ என்றால் எதிராளி, குற்றம்சாட்டுபவன். யோபு புத்தகத்தில் அவன் கடவுளின் சபையிலேயே உட்கார்ந்திருக்கும் வழக்காளி. ஃபூக்கோ காட்டிய ஒப்புக்கொள்ளும் யந்திரம் இங்கே அரசின் கைக்கு வந்துவிட்டது. உன் ரகசியம் எனக்குத் தெரியும், ஆகவே நீ பேசாதே. இதுதான் சோதனைச்சாவடி.

கிங் பேசாமலிருக்கவில்லை. கொல்லப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பு, 1968 பிப்ரவரி 4 அன்று, அட்லாண்டாவில் தமது சபையில் ஒரு பிரசங்கம் செய்தார். ஊர்வலத்தில் எல்லோருக்கும் முன்னால் தண்டமேந்திப் போகும் ஆளாக இருக்க விரும்பும் உள்ளுணர்ச்சி பற்றியது அது. மாற்கு பத்தாம் அதிகாரத்தில் யாக்கோபும் யோவானும் வலது பக்கமும் இடது பக்கமும் இருக்கை கேட்கும் இடம்தான் அடிப்படை. அந்த ஆசையைப் பாவம் என்று அவர் துரத்தவில்லை. எல்லோருக்கும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறார். அதே உணர்ச்சியிலிருந்து வெள்ளை இனவெறிக்கும் நாடுகளின் போர்வெறிக்கும் வருகிறார். முந்த வேண்டுமென்றால் அன்பு செய்வதில், ஊழியம் செய்வதில் முந்து என்று திருப்பிவிடுகிறார். எவாகிரியுஸ் பாலைவனக் குடிசையில் பார்த்த வீண்பெருமையை இவர் ஒரு தேசத்தின் அளவுக்கு விரித்துப் பார்த்தார். சோதனை பற்றிய கிறிஸ்தவப் பேச்சு தன் மூலப்பிரதிக்குத் திரும்பிய இடங்களில் இது ஒன்று.

6

இனி நம் பக்கம். ‘சுயவிமர்சனம்’ என்ற சடங்கு நம்மிடமும் இருக்கிறது. நான் இருந்த அமைப்பில் மாதம் ஒருமுறை நடக்கும். ஒரு தோழரின் காதல் விவகாரத்தைப் பற்றி மூன்று மணிநேரம் பேசினோம். இன்னொருவர் புத்தகம் வாசிப்பதில்லை என்று ஒரு மணிநேரம். எல்லாம் எழுதி வைக்கப்பட்டது, பின்னால் தேவைப்பட்டபோது எடுத்து வீசவும் பட்டது. மாவட்டப் பொறுப்பாளர் பதினான்கு வருஷமாக ஏன் அவரே இருக்கிறார் என்று ஒருநாளும் பேசவில்லை. மேடையில் அவருக்கு அருகே நாற்காலி கிடைக்குமா என்று நான் தவித்ததை நானும் சொல்லவில்லை. அது பட்டியலில் இல்லை. சபையை விட்டு வந்தேனே தவிர, அதன் பட்டியலைக் கையோடு கொண்டுவந்திருந்தேன்.

கடவுள் இருக்கிறாரா என்பதில் என் நிலைப்பாடு மாறவில்லை. ஆனால் ஜெபத்தில் இரண்டு வகை உண்டு என்று இப்போது எனக்குத் தெரிகிறது. ஒன்றில் என்னைச் சோதனை போடும் அதிகாரி ஒருவர் இருக்கிறார், நான் பையைத் திறந்து காட்டுகிறேன். மற்றதில் யாரும் குறிப்பெடுப்பதில்லை. பயத்தைப் பயம் என்றும், பதவி ஆசையைப் பதவி ஆசை என்றும் வாய்விட்டுச் சொல்லலாம். சொன்னதை வைத்து யாரும் என்னைப் பிடிக்கப்போவதில்லை. விசுவாசிக்கு அந்த எதிர்முனையில் கடவுள் இருக்கிறார். அவர் கடவுளைத் தேடுவதென்பது அந்த இடத்தைத் தேடுவதுதான். என்னைப் போன்றவர்களுக்கு அங்கே யாரும் இல்லை. இல்லாவிட்டாலும் அந்த இடம் வேண்டும் என்பதுதான் என் சங்கடம். நாங்கள் கட்டிய எந்த அமைப்பிலும் அதற்கு இடம் வைக்கவில்லை.

நான் சபைக்குப் போவதை நிறுத்தியபோது அம்மா சண்டை போடவில்லை. “நீ ஜெபம் பண்ண வேண்டாம்ல. படுக்கும்போது இன்னைக்கு யார்கிட்ட எதுக்குப் பொய் சொன்னேன்னு மட்டும் ஒரு நிமிசம் யோசிச்சுட்டுப் படு” என்றாள். பிற்போக்குவாதத்தின் கடைசித் தந்திரம் என்று அப்போது நினைத்தேன். பல வருஷமாக அதைச் செய்யவும் இல்லை. போன வருஷத்திலிருந்து செய்து பார்க்கிறேன். பெரும்பாலான இரவுகளில் பாதியிலேயே தூங்கிவிடுகிறேன். கெத்செமனேயில் சீடர்களும் அப்படித்தான் தூங்கினார்கள். தூங்காத இரவுகளில் கிடைக்கிற பதில்கள் இந்தப் பத்திரிகையில் எழுதக்கூடியவையாக இல்லை. எழுதினால் அதற்கும் ஒரு கைதட்டல் எதிர்பார்ப்பேன்.